சோலையின் படுக்கையை விற்ற கீரி

நீலமலை உச்சியில் ஒரு சோலை. சோலைக்குக் கீழே புல்வெளி. புல்வெளியின் நடுவே ஒரு குளம். அந்தச் சோலையில் வெடுக்கி என்றொரு கீரி குடியிருந்தாள்.

பெயருக்கேற்ற வாய் அவளுக்கு. கோபம் வந்தால் வால் துடைப்பம் மாதிரி விரிந்துவிடும். ஆனால் பேரம் பேச உட்கார்ந்தால் அந்த வால் அசையாது. எதிரே இருப்பவனின் கண்ணை மட்டும் பார்ப்பாள்.

வெடுக்கி மலையில் பிறந்தவள் அல்ல. அடிவாரத்துக் காய்கறி மண்டியில், அழுகின தக்காளிக்கு நடுவே பிறந்தவள். லாரிச் சக்கரத்துக்குத் தப்பி, நாய்க்குத் தப்பி, துடைப்பக்கட்டைக்குத் தப்பி வளர்ந்தவள். சித்திரை மாதத்தில் ஒருநாள், முட்டைக்கோஸ் ஏற்றப் போன காலி லாரியில் தொற்றிக்கொண்டு மலைக்கு வந்து சேர்ந்தாள்.

வந்தவளை "வா" என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. "கீழ்நாட்டுக்காரி" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். வெடுக்கி அசரவில்லை. யாரிடம் எது மிச்சம், யாருக்கு அது இல்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். முள்ளம்பன்றியிடம் கிழங்கு மிச்சம். முயலிடம் கிழங்கு இல்லை. நடுவில் போய் நின்றாள். இருவருக்கும் லாபம், அவளுக்கும் ஒரு வாய். இப்படித்தான் ஒரு பொந்து சம்பாதித்தாள். பக்கத்துப் புதரில் இருந்த நெட்டைக்காதி என்ற முயலின் சிநேகத்தையும் சம்பாதித்தாள்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. ஐப்பசி நனைந்தது. கார்த்திகை நனைந்தது. மார்கழி பிறந்தும் நனைந்துகொண்டே இருந்தது. ஒருநாள் காலையில், யாரோ மூடியைத் திறந்த மாதிரி, பளீரென்று வெயில் அடித்தது!

"வெயில்! வெயில்!" என்று கருமந்திகள் மர உச்சியில் இருந்து கூவின.

அவ்வளவுதான், சோலைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது! மழை விட்டு முதல் வெயில் வந்தால் மறுநாளே அங்கே வெயில் விழா. விழா முடியும்வரை யாரும் யாரையும் தின்னக் கூடாது. முறைக்கக்கூடக் கூடாது. இன்னொரு வழக்கமும் உண்டு. விழாவுக்கு முந்தின நாள் எல்லோரும் தங்கள் வீட்டுப் பழைய படுக்கையை வெளியே தள்ளிவிடுவார்கள். காய்ந்த புல், பாசி, இறகு, உதிர்ந்த ரோமம் எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். விருந்து முடிந்த பிறகுதான் புதுப் புல் பரப்புவார்கள்.

ஏன் அப்படி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தள்ளுவதில் அவ்வளவு உற்சாகம்! காலால் உதைத்துத் தள்ளினார்கள், வாலால் கூட்டித் தள்ளினார்கள். சோலை முழுக்கத் தும்மல் சத்தம்.

தும்மிக்கொண்டே வந்தான் சிலுப்பன். அவன்தான் அந்த முள்ளம்பன்றி. "தங்கச்சி! இந்த வருஷம் விருந்து உன் பொறுப்பு. எல்லாருமாப் பேசி முடிவு பண்ணிட்டோம்!"

"என் பொறுப்பா?"

"உன்னை விட்டா வேற யாருக்கு வாயிருக்கு?"

வெடுக்கிக்கு அங்கேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. கீழ்நாட்டுக்காரிக்கு விழா விருந்து! குதித்தால் மரியாதை என்ன ஆவது? "அதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்? முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே!" என்று சிடுசிடுத்தாள்.

சிலுப்பன் போனதும் சோலையைச் சுற்றி வந்தாள். விருந்துக்குப் பொருள் வேண்டும். கையில் கொடுக்க என்ன இருக்கிறது? அப்போதுதான் வாசலுக்கு வாசல் குவிந்து கிடந்த படுக்கைகள் கண்ணில் பட்டன. அடடா, எவ்வளவு சரக்கு! சும்மா எறிகிறார்களே! அவள் வயிறு எரிந்தது. எல்லா வீட்டிலும் கேட்டுக் கேட்டு, ஒரே இடத்தில் இழுத்துக் குவித்தாள்.

"ஏன் அம்மிணி, குப்பையோட என்ன மல்லுக்கட்டு?" என்று கிளையிலிருந்து ஒரு குரல் வந்தது.

மினுக்கன்! அவன் ஒரு மரநாய். மஞ்சள் துண்டு போர்த்தின மாதிரி கழுத்தும் மார்பும் மஞ்சள். மேட்டுப் பாறைக் குகையில் தனியாக இருந்தான். தேனடை எங்கே, பழம் எங்கே, எந்தத் தோட்டத்து வேலியில் ஓட்டை எங்கே, எல்லாம் அவனுக்குத் தெரியும். கொடுக்கத்தான் மனசு வராது.

"குப்பையா? வாயைக் கழுவுங்கோ!" என்றாள் வெடுக்கி. "நயம் சரக்கு! வருஷம் பூராப் படுத்துப் பழகின புல்லு. முள்ளு இல்லை, பூச்சி இல்லை. முயல் ரோமம் கலந்தது. வேணுமா, வேண்டாமா?"

"வேணும்னு யார் சொன்னா?"

"வேண்டாதவர் கிளையை விட்டு ஏன் இறங்கறீங்கோ?"

மினுக்கன் இறங்கின காலை மறுபடி மேலே வைத்துக்கொண்டான். "குகை லேசாக் குளிருது. ஒரு வாய் எடுத்துக்கறேன்."

"சில்லறை வியாபாரம் நான் பண்றதில்லை. எடுத்தா மொத்தமா எடுங்கோ!"

"மொத்தமும் எடுத்தா என்ன கேப்பே?"

வெடுக்கி ஒரு மூச்சு இழுத்துவிட்டு வானத்தையே விலையாகக் கேட்டாள். "தேனடை, சொட்டச் சொட்ட! தோட்டத்து ஆரஞ்சு, குவியலா! தவிட்டுப்பழம், கிளையோட! முயல் வீட்டுக்குக் கேரட், இலை வாடாம! எல்லாம் நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குளத்தங்கரைக்கு வந்து சேரணும்!"

இந்த இடத்தில் மினுக்கன் "ஐயையோ!" என்று அலறியிருக்க வேண்டும். நெஞ்சில் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். அவளும் பாதியாக இறங்கிவர ஆயத்தமாக இருந்தாள்.

"சரி" என்றான் மினுக்கன்.

கேட்ட விலைக்கு ஒருவன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினால், விற்க வந்ததை வாரிச் சுருட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட வேண்டும்! மண்டியில் கண் திறக்காத எலிக்குஞ்சுக்குக்கூட இது தெரியும். வெடுக்கிக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு அவள் காதில் கேட்டதெல்லாம் நாளைய கைதட்டல்தான். வால் நுனி ஒரு துள்ளுத் துள்ளியது. பேரத்தில் அவள் வால் அசைந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் விருந்து! என்ன விருந்து, என்ன விருந்து!

மினுக்கன் சொன்ன சொல் தவறவில்லை. எல்லாம் வந்து இறங்கியிருந்தது. முயல்கள் கேரட்டின் மேலேயே ஏறிக் குதித்தன. ஒரு கடமான் தேனடையில் மூக்கைப் பதித்துவிட்டு எடுக்கத் தெரியாமல் ஊரெல்லாம் சுற்றியது. சிலுப்பன் உடம்பை உலுக்கினான். முட்கள் சலசலவென்று சலங்கை மாதிரி ஒலித்தன. கருமந்திகள் கிளையில் வரிசையாக உட்கார்ந்து பாடின.

"வெயிலு வந்தாச்சு, வாலைத் தூக்கு! வயிறு நிறைஞ்சாலும் வாயைத் தூக்கு!"

தூரத்துச் சாலையில் மனிதர்கள் விடுமுறைக்கு வேன் வேனாக வந்து இறங்கினார்கள். காதுவரை குரங்குக் குல்லா. "குளிருது, குளிருது" என்று பல் நடுங்கச் சொல்லிக்கொண்டே ஐஸ்கிரீம் தின்றார்கள். கருமந்திகள் அதைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டன. "நம்ம தலையைத் தைச்சு மாட்டிக்கிட்டு நம்மளையே பாக்க வந்திருக்காங்கடா!"

வெடுக்கியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு குளத்தைச் சுற்றினார்கள். "எங்க வெடுக்கி! எங்க வெடுக்கி!" அவள் வாழ்நாளில் யாரும் அவளை "எங்க" என்று சொன்னதில்லை.

"போதும், இறக்குங்கடா! தலை சுத்துது!" என்று கத்தினாள். இறக்கிவிட்டதும், "இன்னொரு சுத்து சுத்தினா ஒண்ணும் குறைஞ்சிடாது" என்றாள்.

வெயில் சாயத் தொடங்கியது. நெட்டைக்காதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அவள் குட்டிகள் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா! புதுப் புல்லு எடுக்கப் போனேன். எல்லாம் சொதசொதன்னு இருக்கு. முறுக்கினா தண்ணி வடியுது! மழை விடாத வருஷமாச்சே. காஞ்ச புல்லு எங்க இருக்கும்?"

"நாளைக்குக் காயும், விடு."

"அக்கா, நேத்து ராத்திரி மேகம் போர்த்தியிருந்துச்சு, தப்பிச்சோம். இன்னைக்கு மேலே பாருங்க. ஒரு மேகம் இல்லை. காத்து அசையலை. இப்படி இருந்தா விடியறதுக்குள்ள உறைபனி!"

"குளிர்தானே? ரெண்டு ஆட்டம் ஆடினாச் சரியாப் போகும்!"

"உங்களுக்குத் தெரியாது அக்கா. நீங்க வந்ததே சித்திரையில." நெட்டைக்காதி குளத்தைக் காட்டினாள். "உறைபனியில இந்தக் குளத்துத் தண்ணி கல்லாயிடும். போன வருஷம் ஒரு கொண்டைக்குருவி வெறும் கிளையில தூங்கிச்சு. காலையில பொத்துன்னு கீழ விழுந்துச்சு. விறைச்சு, அதுவும் கல்லு மாதிரி. என் குட்டிங்க வெறும் தரையில படுத்தா..."



வெடுக்கியின் வாயில் இருந்த ஆரஞ்சுச் சுளை அப்படியே நின்றது. "சரி" என்று மினுக்கன் சொன்ன அந்த ஒரே வார்த்தை இப்போதுதான் அவள் காதில் சரியாக விழுந்தது. சோலையில் இருந்த காய்ந்த புல் அத்தனையும் அவனிடம். எடுத்துக் கொடுத்தது அவள்!

நாலு கால் பாய்ச்சலில் மேட்டுப் பாறைக்கு ஓடினாள்.

மினுக்கன் குகை வாசலில் கால் மேல் கால் போட்டுப் படுத்திருந்தான். குகை கொள்ளும் மட்டும் புல்லை அடைத்திருந்தான். அவன் வால்கூட உள்ளே போகவில்லை. மிச்சம் ஒரு மலையாக வெளியே, மொட்டைப் புல்வெளியில் குவிந்து கிடந்தது.

"வருவேன்னு தெரியும் அம்மிணி! என்ன, குளிருதா?"

"படுக்கையைத் திருப்பிக் கொடுங்கோ. என்ன விலை?"

"பெரிசா ஒண்ணுமில்லை. அடுத்த மழை வரைக்கும் சோலையில எல்லாரும் தேடற தீனியில பாதி எனக்கு! குகைக்கே கொண்டுவந்து கொடுத்துடணும்."

வெடுக்கியின் வால் விரிந்தது. "டேய் மஞ்சக் கழுத்துத் திருடா! பாதி தீனி போனா பனியில சாகாதது பசியில சாகும்டா!"

"சரக்கு என்னுது, விலையும் என்னுது. பாதின்னா கொடு, இல்லைன்னா நடையைக் கட்டு. பொழுது சாயட்டும். குட்டிங்க கத்தறப்போ நீயே ஓடி வருவே!"

அவன் மூக்கைக் கடித்துவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள். விழா நாளாயிற்றே. பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். இறங்குகிற வழியில் அந்தப் புல்மலையைக் காலால் தொட்டுப் பார்த்தாள். சட்டென்று நின்றாள். சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்த்தாள். மறுபடி புல்லைப் பார்த்தாள்.

அப்புறம் அவள் ஓடின ஓட்டம் வேறு ஓட்டம்!

குளத்தங்கரையில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டிருந்தது. பாட்டு நின்றுபோயிருந்தது. மத்தியானம் தோளில் தூக்கினவர்கள் இப்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"வித்தது நான்தான்" என்றாள் வெடுக்கி. "நானே மீட்டுக் கொடுக்கறேன். திட்டறதா இருந்தா நாளைக்குத் திட்டுங்க, வரிசையா நின்னு. இப்ப எல்லாரும் எந்திரிங்க. அவன் பாறைக்கு நேர் கீழே போய் ஆடணும்!"

"ஆடறதா?" சிலுப்பனின் முள் எல்லாம் எழுந்து நின்றது. "விறைச்சுச் சாகப்போறோம், ஆடறதாம்!"

"அண்ணா, கேளுங்க! நான் பொறந்த மண்டியில காலையில தக்காளிக்காரன் ராஜா. கிட்டப் போக முடியாது. பொழுது சாயச் சாய அவன் குரல் இறங்கும். ஏன்? ராத்திரி தங்கினா சரக்கு அழுகிடும்! மினுக்கன் சரக்கு மொட்டை வெளியில கிடக்கு. வெயில் போனதும் பனித்தண்ணி இறங்கும். நனைஞ்ச புல்லு நமக்கும் வேண்டாம், அவனுக்கும் வேண்டாம். அப்புறம் எதைக் காட்டிப் பாதி தீனி கேப்பான்? நமக்கு அவசரம்னு அவனுக்குத் தெரியும். அவனுக்கும் அவசரம்கறது அவனுக்கு இன்னும் தெரியலை!"

"அவன் பிடிவாதமா இருந்துட்டா?" என்றாள் நெட்டைக்காதி.

வெடுக்கி அவளைப் பார்த்தாள். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இருந்துட்டா எல்லாம் போச்சு. அதனாலதான் ஆட்டம் நல்லா இருக்கணும்! நடுங்கினா விலை ஏறும். சிரிச்சா விலை இறங்கும். பல்லு அடிச்சுக்கிட்டா தாளத்தோட அடிக்கட்டும். அந்தப் புல்லை மட்டும் ஒருத்தரும் திரும்பிப் பாக்கக் கூடாது!"

போனார்கள். குட்டிகளை நடுவில் விட்டு, சுற்றி நின்று கும்மி கொட்டினார்கள். அடேயப்பா, அந்தக் கும்மி! குளிர் காலில் ஏற ஏறக் கால் வேகமாகத் தரையைத் தட்டியது. சிலுப்பன் தன்னை மறந்து சிலுப்பினதில் ஒரு முள் பறந்து போய்க் கடமானின் கொம்பில் குத்தி நின்றது. கடமான் அதைக் கிரீடம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் நிமிர்ந்து ஆடியது. முயல்களின் பல் கடகடவென்று அடித்துக்கொண்டது. கருமந்திகள் அதையே தாளமாக வைத்துப் புதுப் பாட்டுக் கட்டின.

"கடகட கடகட கட்டை வண்டி! குளிரு வந்தா ஏத்துடா வண்டி!"

பயத்தில் தொடங்கின ஆட்டம்தான். நாலு சுற்றுக்குப் பிறகு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது! நெட்டைக்காதிகூடச் சிரித்தாள்.

மினுக்கன் பாறை விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தான். "என்ன அங்கே கூத்து? குளிரலையா?"

"குளிரா? வேர்க்குது!" என்றாள் வெடுக்கி, மூச்சு வாங்க.

"படுக்கை வேண்டாமா?"

"படுக்கை எதுக்கு? யார் தூங்கப் போறாங்க? விடிய விடிய விழா!"

சூரியன் மேட்டுக்குப் பின்னால் இறங்கியது. மினுக்கன் மூக்கில் சில்லென்று ஒரு துளி விழுந்தது. காலை நீட்டிக் கீழே இருந்த குவியலின் உச்சியைத் தொட்டுப் பார்த்தான். மேற்புல் ஈரம்.

"அம்மிணி! பாதி அதிகம்தான். கால் பங்கு!"

"பாட்டு ஏன் நின்னுச்சு? பாடுங்கடா!"

"சரி, பழம் மட்டும்! பழத்துல பாதி!"

"சிலுப்பண்ணா, முள்ளை ஆட்டுங்கோ. காதுல என்னமோ கொசு கத்தறாப்பல இருக்கு!"

நடுவில் ஒரு முயல்குட்டி மெல்ல முனகியது. இப்போதே ஓடிப்போய், "பாதி தர்றேன், கொடு" என்று காலில் விழுந்துவிடலாமா? நெட்டைக்காதி அவளைப் பார்த்தாள். குட்டியின் மேல் காதைப் போர்த்திவிட்டு, இன்னும் சத்தமாகக் கும்மி கொட்டினாள். வெடுக்கியும் கொட்டினாள்.

அப்போதுதான் தரை அதிர்ந்தது.

காட்டெருமை! கரிய மலை ஒன்று வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு நடந்து வருகிற மாதிரி வந்தது. பாட்டுச் சத்தத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தது. வந்த இடத்தில் புல்மலையைப் பார்த்தது. மோந்தது. அந்த ஈரக்காட்டில் அதுவும்தான் எத்தனை மாதமாகக் காய்ந்த புல்லின் வாசனையைப் பார்க்கவில்லை!

சோலை முழுக்க மூச்சு நின்றது. அது தின்றால் தின்றதுதான். ஒருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது.

வெடுக்கி எருமையின் கண்ணை மட்டும் பார்த்தாள். வால் அசையவில்லை.

"வாங்கோ அண்ணா, வாங்கோ!" என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். "கூச்சப்படாம சாப்பிடுங்கோ! அந்தப் புல்லு இங்க யாருக்கும் வேண்டாம்!"

எருமை நாக்கைச் சுழற்றி ஒரு வாய் இழுத்தது. முயல் ரோமம் ஒட்டின புல். நெட்டைக்காதி கண்ணை மூடிக்கொண்டாள். கரக், கரக் என்று மென்றது. இன்னொரு வாய்க்குத் தலையைத் தாழ்த்தியது.

"ஐயையோ! ஐயையோ!" என்று அலறிக்கொண்டு மினுக்கன் பாறையிலிருந்து உருண்டு வந்தான். எருமையின் மூக்குக்கு முன்னால் குதித்தான். எருமை உஸ்ஸென்று மூச்சு விட்டது. அவன் பறந்துபோய் வெடுக்கியின் காலடியில் விழுந்தான்.

"அதை நிறுத்தச் சொல்லு! ஒண்ணும் வேண்டாம்! எடுத்துக்கோ, சும்மா எடுத்துக்கோ!"

"சும்மாவா?" வெடுக்கி ஒரு புல்லை உருவிப் பல் குத்தினாள். "தூக்கிட்டுப் போக ஆள் வேணுமே. நாங்க ஆடிக் களைச்சிருக்கோம்."

"நானே தூக்கறேன்!"

"எல்லார் வீட்டுக்கும்?"

"எல்லார் வீட்டுக்கும்! சீக்கிரம், அது வாயைத் திறக்குது பாரு!"

"டேய், ஓடுங்கடா!" என்று வெடுக்கி போட்ட சத்தத்தில் சோலையே பாய்ந்தது. குளத்தங்கரையில் மிச்சமிருந்த கேரட் அத்தனையும் கொண்டுவந்து எருமையின் முன்னால் கொட்டினார்கள். மேற்புல்லை உதறி எறிந்துவிட்டு, ஈரம் ஏறாத அடிப்புல்லை வாய் வாயாக, முதுகு முதுகாக அள்ளினார்கள். சிலுப்பன் புல்லின் மேல் உருண்டான். முள்ளுக்கு முள் ஒரு கட்டு செருகிக்கொண்டு, நடக்கிற வைக்கோல்போர் மாதிரி ஓடினான். கேரட் தின்று மனம் குளிர்ந்த எருமையும் கொம்பு நிறைய ஒரு பொதி தூக்கியது. எல்லோருக்கும் முன்னால், நாக்குத் தள்ள, மஞ்சள் கழுத்தெல்லாம் தூசியாக, மினுக்கன்!

முதல் பொதி நெட்டைக்காதி வீட்டுக்குப் போயிற்று. வெடுக்கி தானே உள்ளே நுழைந்து மூலை முடுக்கெல்லாம் அடைத்தாள்.

கடைசிப் பொதியை இறக்கிவிட்டு மினுக்கன் தயங்கி நின்றான். "குகைக்குள்ள இருக்கறதையும் கேப்பியா?"

"எதுக்கு? விருந்துக்கு நீ தேன் கொடுத்தே, பழம் கொடுத்தே. அதுக்கு உன் படுக்கை சரியாப் போச்சு" என்றாள் வெடுக்கி. அவள் கறார்க்காரி. ஏமாற்றுக்காரி அல்ல. "வழியில நிக்காதே, போய்ப் படு. நாளைக்கு விழா மிச்சம் இருக்கு. வர்றதா இருந்தா வெறுங்கையோட வராதே!"

விடிந்தது.

வெடுக்கி பொந்தை விட்டு வெளியே மூக்கை நீட்டினாள். உலகமே வெள்ளை! புல்லெல்லாம் வெள்ளை, முள்ளெல்லாம் வெள்ளை. குளம் கல்லாகி மின்னியது. அவளுக்கு அழகு தெரியவில்லை. நேரே நெட்டைக்காதியின் புதருக்கு ஓடினாள். கால் வைத்த இடமெல்லாம் நொறுநொறுவென்று உடைந்தது.

வாசலில் காது வைத்தாள். சத்தமே இல்லை.

"நெட்டைக்காதி! ஏய், நெட்டைக்காதி!"

உள்ளே புல் அசைந்தது. நீளமாக ஒரு காது வெளியே வந்தது.

"மெதுவாப் பேசுங்க அக்கா! ராத்திரி பூராக் கதகதப்புல உதைச்சு விளையாடிட்டு இப்பத்தான் தூங்குதுங்க. எழுப்பிவிட்டா நீங்கதான் பாத்துக்கணும்!"

"எழுந்தா எழட்டுமே! விழா நாள்ல என்ன தூக்கம்?" என்று வெடுக்கி கத்தினாள். கத்தினது கோபத்தில்தானா என்று தெரியவில்லை. மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

குட்டிகள் எழுந்துவிட்டன! வாயிலிருந்து புகை வருவதைப் பார்த்து ஒன்றையொன்று ஊதிக்கொண்டு வெளியே பாய்ந்தன. வெயில் ஏறியது. மினுக்கன் வாய் கொள்ளாத தேனடையோடு கூச்சத்துடன் வந்து நின்றான். சிலுப்பன் கல்லான குளத்தில் கால் வைத்தான். சர்ரென்று வழுக்கி மறுகரைக்குப் போய், "இன்னொரு தடவை!" என்று கூவினான். அதற்குப் பிறகு அன்றைக்கு யாரும் நடக்கவில்லை. எல்லோரும் வழுக்கியேதான் போனார்கள். எல்லோரையும்விட அதிகமாக வழுக்கி விழுந்தவள், விழுந்து விழுந்து குளத்தைத் திட்டினவள், மறுபடி மறுபடி ஏறினவள் வெடுக்கிதான்.

ஆடுங்கள், பாடுங்கள், வயிறு முட்டத் தின்னுங்கள். ஆனால் குளிருக்கென்று வைத்திருப்பதைக் கொண்டாட்டத்துக்கு விலையாகக் கொடுக்காதீர்கள்!